மடையைத் திறப்பவருக்கு ஓட்டு இல்லை: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, காரைக்குடி

காரைக்குடியில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது சம்பை ஊற்று. டீக்கடையிலும் சொன்னார்கள், விடுதியில் சாவி கொடுத்த தம்பியும் சொன்னார். "எங்க ஊர்த் தண்ணி குடிச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று ஒரு செம்பு நிறையக் கொடுத்தார். உண்மையிலேயே இனிப்பான தண்ணீர். மழை குறைந்த மாவட்டத்தில் இப்படி ஒரு ஊற்று அமைந்தது ஊருக்குக் கிடைத்த பெரும் கொடை.

நான் வந்தது ஊற்றைப் பார்க்க மட்டும் இல்லை. செட்டிநாட்டில் குடிநீர்க் குளமான ஊருணிக்கும் பாசன ஏரியான கண்மாய்க்கும் யார் முடிவு எடுக்கிறார்கள், யாரைக் கேட்டு எடுக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பொங்கல் முடிந்து, பயிர் கதிர் வாங்கும் நேரம். கண்மாயில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும். பேச்சு சூடாக இருக்கும் காலமும் இதுதான்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. வரைபடத்தில் ஒரு கோடு தள்ளிப் போட்டது போலத் தெரியும். ஆனால் ஊராட்சியாக இருந்தவரை அந்த ஊர்களில் கிராம சபை இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், யாரும் எழுந்து கேட்கலாம். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்ததோடு 2022-ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளையும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளையும் அரசு சேர்த்தது. தண்ணீருக்கென்றே ஒரு கிராம சபை! நகரத்துக்குள் வந்துவிட்டால் அது கிடையாது. அங்கே வார்டு குழு, பகுதி சபை. அதற்கான விதிகளே 2022-ல்தான் வந்தன. பழகிய கூட்டம் போய்விட்டது, புதியது இன்னும் பழகவில்லை.

சேர்ந்துவிட்ட ஊர் ஒன்றில் ஊருணிக் கரையில் ஒரு அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"நூறு நாள் வேலையில நாங்கதேன் தாயி இந்த ஊருணிய வெட்டுனோம். மண்ண எங்க கொட்டணும், வரத்துக்கால எங்க தோண்டணும்னு எங்களுக்குத் தெரியும். இப்ப டவுன்னுட்டாக. வேலையும் இல்ல, கூட்டமும் இல்ல. வரி கூடும்ங்கிறாக."

வேலை உறுதித் திட்டம் ஊராட்சிகளுக்கானது, ஆகவே நகரத்துக்குள் வந்தால் அது நிற்கும். இதைச் சட்டப்படி சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊருணியை வெட்டிய கைகளுக்கும் ஊருணிக்கும் இருந்த உறவு அறுந்துபோனதை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஊரை இணைக்கும் முன் அந்த அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாரா என்பதுகூட எனக்குத் தெரியாது, சாலையும் விளக்கும் வரும் என்று சரி சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனி, கானாடுகாத்தான்

வெளியூர்க்காரர்கள் வீடு பார்க்க வரும் ஊர். நானும் வீடுதான் பார்த்தேன், மழைநீர் போகும் வழியைத் தேடி.

ஓட்டுக் கூரையின் நான்கு சரிவும் வளவு முற்றத்தை நோக்கி இறங்குகிறது. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் பீலி வழியாக முற்றத்து மூலைக்கு வரும். அங்கே பித்தளை அண்டாக்களை வைத்துப் பிடிப்பார்கள், கிணற்றுக்கும் விடுவார்கள். மிஞ்சியது வீட்டடி வடிகால் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருக்கள் நேர்க்கோடாக ஒன்றையொன்று வெட்டிப் போவது அழகுக்காக மட்டும் இல்லை, ஓரத்துக் கால்கள் வாட்டம் பார்த்துத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டு சேர்க்கின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி முற்றத்தின் கல் துளையைக் காட்டி, "முதல் மழைத் தண்ணியைப் பிடிக்க மாட்டோம், ஓட்டுத் தூசி போகட்டும்னு விட்டுருவோம்" என்றார். "எங்க சின்ன வயசுல மழ வந்தா பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவோம், அண்டாவ நகர்த்தி வைக்க."

2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் மட்டும் இல்லை, இந்த ஊருணி அமைப்பும் அந்தப் பெருமையில் சேர்ந்ததுதான். வறண்ட நிலத்தில் குடியேறி, பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்த பணத்தில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் மேல் எனக்கு மரியாதை உண்டு. கல்படி கட்டி, மதில் எழுப்பி, காவலுக்கு ஆள் வைத்து, குடிநீர் ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அப்படிக் காப்பாற்றியதால்தான் தலைமுறைகள் குடித்தன.

ஆனால் மதிலுக்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் யார் நுழையலாம் என்று யார் சொன்னது?

ஊருணிப் படியில் உட்கார்ந்திருந்தபோது இது மனசைவிட்டுப் போகவில்லை. செட்டிநாடு அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. (சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985-ல்.) அந்த மாவட்டத்தில் 1930-லும் 1931-லும் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மேல் விதித்த தடைகள் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. பெண்கள் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானை மட்டும்தான். தலைச் சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். எந்தக் குடத்தில் எடுப்பது, தலையில் எதை வைத்துச் சுமப்பது என்பது வரை ஒரு கூட்டம் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவு யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. முற்றத்தில் வரிசையாகப் பித்தளை அண்டாக்களைப் பார்த்துவிட்டு வந்த நாளில் இது ரொம்பவே உறுத்தியது.

ஊருணியைக் கட்டிய கொடையையும் இந்தத் தடையையும் ஒரே மண்ணின் வரலாறாகச் சேர்த்துப் படிக்கவேண்டும். வழிகாட்டிகள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். இப்போது குழாய் வந்துவிட்டது, பல ஊருணிகளில் பாசி படர்ந்துவிட்டது. தூர்வாரிப் பழைய அழகுக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்கின்றன. நல்லது. எந்தத் தெருவில் உள்ள ஊருணியை முதலில் எடுப்பது என்ற முடிவு எங்கே நடக்கிறது, அந்த மேசையில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கார் நிற்க வசதியாக இருக்கும் ஊருணிதான் முதலில் என்றால் பழைய வாசல் வேறு வடிவில் திரும்பிவிட்டது என்று பொருள்.

ஞாயிறு, தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம்

இன்று பார்த்ததை விரிவாகவே எழுதவேண்டும். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை, அங்கே இன்னும் பேச்சு முடியவில்லை.

காலை ஆறு மணிக்கே கண்மாய்க் கரைக்குப் போய்விட்டேன். மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி எனக்கு முன்னால் வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் துண்டு, தோளில் மண்வெட்டி. பழைய கல்மடையின் குமிழிக் கல்லைக் காட்டி, "இந்தக் கோடு நனைஞ்சிருந்தா ரெண்டு தண்ணி இருக்கு. கீழ போயிருச்சுன்னா ஒரு தண்ணிதேன்" என்றார். அவர் சொல்லும் ஒரு தண்ணி, ஆயக்கட்டு (இந்தக் கண்மாயை நம்பிய வயல்கள்) முழுக்க ஒரு முறை பாய்வதற்கான அளவு. கோடு நனையவில்லை.

அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே வேலை பார்த்தவர்கள். பட்டியல் சமூகத்தவர். ஆயக்கட்டில் ஒரு செண்ட் நிலம் கிடையாது. தென்மாவட்டங்களில் பல கண்மாய்களில் இதே வழக்கம்தான்: மடையைத் திறக்கிறவருக்கு அந்தக் கண்மாயில் நிலம் இருக்காது. நிலம் இருந்தால் தன் வயலுக்குக் கூடுதலாக விட்டுக்கொள்வார் என்ற யோசனை. நிலத்துக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மடையில் கை வைக்கக் கூடாது. கண்மாயை ஒட்டிய தலைமடைக்கு எத்தனை மணி நேரம், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு எத்தனை மணி நேரம், மண் இறுக்கமா மணற்பாங்கா, பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும் கணக்கு. ராத்திரியில் வாய்க்காலோடு நடந்து யார் வரப்பை வெட்டினார்கள் என்று பார்ப்பதும் அவர்தான். அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாகக் கூலி.

நியாயத்துக்காகச் செய்த ஏற்பாடு இது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே காரணத்தால் அவருக்குக் கூட்டத்தில் இடம் இல்லை.

"நீங்க பாசனச் சங்கத்துல இருக்கீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"அது நிலத்துக்காரவுக சங்கம் தாயி. எனக்கு அதுல ஓட்டு இல்ல. தெறன்னா தெறப்பேன், அடைன்னா அடைப்பேன்."

தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், 2000 என்று ஒன்று உண்டு. அதிகாரிகள் கையில் இருந்த நிர்வாகத்தைத் தண்ணீரைப் பயன்படுத்துபவர்களிடம் கொடுப்பதுதான் நோக்கம். தேர்தல் வைத்துத் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பயன்படுத்துபவர் யார் என்பதை நிலப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்கிறது அது. பதிவேட்டில் பெரும்பாலும் ஆண்களின் பெயர். விளைச்சலில் பங்கு கொடுத்து, அதாவது வாரத்துக்கு, விதைக்கிறவரின் பெயர் இருக்காது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே ஒரு சட்டம் வந்திருந்தும், வாய்ப்பேச்சில் நடக்கும் வாரத்தை யாரும் பதிவதில்லை, பதியக் கேட்டால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது. மாடு குளிப்பாட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், கண்மாய் மீனை நம்பி இருப்பவர் எவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கண்மாய் வற்றினால் இவர்கள் அத்தனை பேருக்கும்தான் வற்றுகிறது.

பத்து மணிக்கு ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஊர்க்கூட்டம். இருக்கும் ஒரு தண்ணியை எப்படிப் பிரிப்பது என்பதுதான் பேச்சு. அரசமரத்து மேடையில் பெரியவர்கள், கீழே இளவட்டங்கள், கோயில் சுவரோரம் பெண்கள் நின்றார்கள். நீர்பாய்ச்சியும் நின்றுகொண்டுதான் இருந்தார், பெண்களுக்கும் மேடைக்கும் நடுவில். எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். நான் பெண்களோடு போய் நின்றுகொண்டேன்.

தலைமடைக்காரர்கள் சொன்னது இது: பயிர் பால் பிடிக்கும் நேரம், இருக்கிற தண்ணீரைக் கடைமடை வரை இழுத்தால் வாய்க்காலிலேயே பாதி குடித்துவிடும், யாருக்கும் உருப்படாது, முதல் மடை, இரண்டாம் மடை நிலத்தையாவது காப்பாற்றுவோம். இதில் கணக்கு இருக்கிறது. தரையில் தண்ணீர் வீணாவது உண்மை. மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவரின் ஆள் இன்னொன்றைச் சொன்னார், கண்மாயில் முழங்கால் தண்ணீராவது விட்டு வைக்கவேண்டும் என்று ஏலத்தின்போதே பேசியதாக. ஏலத் தொகை கோயில் திருப்பணிக்குப் போயிருக்கிறது, திருப்பிக் கொடுக்க முடியாது. ஏலம் விட்ட நாளில் பெண்கள் யாரும் அங்கே இல்லை. எவ்வளவு தொகை என்பதே பலருக்கு இன்றுதான் காதில் விழுந்தது.

அப்போது சுவரோரம் நின்ற ஒரு அக்கா பேசினார். கடைமடையில் வாரத்துக்கு விதைத்திருக்கிறார்.

"போன தடவையும் இதத்தேன் சொன்னீக. அதுக்கு முந்தியும் இதத்தேன். கடைமடை எப்பவும் கடைமடையாவே இருக்கணுமா? தூர்வாரும்போது எங்க தெருவுல இருந்து எத்தன பேரு வந்து மண்ணு அள்ளுனோம்? அன்னைக்கு மட்டும் எங்களக் கூப்புட்டீகள்ல?"

மேடையில் ஒருவர், "இது பொம்பளைக பேசுற எடமாத்தா?" என்றார். உடனே பக்கத்தில் இருந்த பெரியவர் அவரை அடக்கினார்: "அவ பேசட்டும்யா, அவ பயிருதேன காயுது."

தூர்வாரியதைப் பற்றி அந்த அக்கா சொன்னது கூர்மையான கேள்வி. குடிமராமத்து இங்கே பழைய வழக்கம். ஊரே சேர்ந்து வாய்க்காலையும் கரையையும் பார்த்துக்கொள்ளும். அதைச் சட்டமாக்கியது வெள்ளைக்காரர் ஆட்சி: 1858-ல் வந்த கட்டாய உழைப்புச் சட்டத்தில், வழக்கப்படி வரவேண்டிய ஆள் வராவிட்டால் அந்த உழைப்பின் மதிப்பில் இரண்டு மடங்கு கட்டவேண்டும் என்று இருந்தது. 2017-ல் மாநில அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்று இருந்தது, பணி ஆயக்கட்டுதாரர்களின் சங்கம் வழியாக நடந்தது. 1858-லும் 2017-லும் ஊர் மக்களின் பங்கு உழைப்பில் கேட்கப்படுகிறது, முடிவில் கேட்கப்படுவதில்லை. மண் அள்ளியவர்கள் எல்லாரும் பங்களித்தவர்கள்தான். அவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கில் ஒரு சொல் இருக்கவேண்டாமா? இந்தத் திட்டத்தால் எத்தனையோ கண்மாய்கள் ஆழமானதை நான் மறுக்கவில்லை. ஆழமான கண்மாயில் யார் பேசலாம் என்பது மாறவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பிற்பகலில் பேச்சு நீர்பாய்ச்சியிடம் வந்தது. கடைமடை வரை தண்ணீர் போகுமா என்று அவரைக் கேட்கச் சொன்னவர் அந்தப் பெரியவர்தான். நீர்பாய்ச்சி கொஞ்சம் யோசித்து, "பகல்ல விட்டாப் போகாது. ராத்திரியில விட்டா, எடையில யாரும் வரப்ப வெட்டாம இருந்தா, ரெண்டு ராத்திரியில கடைமடை நனையும். தலைமடைக்கு மிச்சத்த மூணாம் நாள் விடுவேன். மீனுக்கு முழங்கால் நிக்காது, கணுக்கால் நிக்கும்" என்றார். தெளிவான கணக்கு. கூட்டம் முழுக்க வாதாடிய நேரத்தில் அந்த ஒரு ஆளிடம் முதலிலேயே கேட்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

இரண்டு ராத்திரி கடைமடைக்கு என்று பேசி முடித்தார்கள். எல்லாருக்கும் சம்மதம் இல்லை. தலைமடையில் இருவர் எழுந்து போய்விட்டார்கள். ராத்திரி வாய்க்கால் காவலுக்குக் கடைமடைப் பெண்களே வருகிறோம் என்றார்கள், அதற்கு மேடையிலிருந்து பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாலையில் ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டி வந்தேன், பூட்டியிருந்தது. ஞாயிறுதானே. ஆனால் தலைவர் நாற்காலியே காலியாகிவிட்ட கதை வேறு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அப்படி வந்தவர்களின் காலமும் 2025 சனவரி 5-ல் முடிந்து, சிவகங்கை உட்பட 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தியாயிற்று. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாதி வெறும் தாளில்தான் இருக்கும். இன்று மந்தையில் சுவரோரம் நின்ற பெண்களில் ஒருவர் தலைவராக இருந்திருந்தால் அவருக்கு மேடையில் இடம் கேட்க வேண்டியதில்லை.

திங்கள், வரத்துக்காலோடு

நேற்றைய கண்மாய்க்கு ஏன் ஒரு தண்ணிதான் மிஞ்சியது என்று பார்க்க, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலோடு மேலே நடந்தேன். துணைக்கு ஊரைச் சேர்ந்த ஒரு கல்லூரித் தம்பி. வழி முழுக்கச் சீமைக்கருவேலம், கை காலெல்லாம் கீறல்.

இங்கே கண்மாய்கள் ஒன்றுக்கொன்று சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மழைக் காலத்தில் மேலூர்க்காரர்கள் கலுங்கில் மண்மூட்டை அடுக்கிவிடுகிறார்கள் என்று தம்பி சொன்னார். மேலூரில் கேட்டால், கீழூர்க்காரர்கள் ராத்திரியில் வந்து மூட்டையைத் தள்ளி விடுகிறார்கள் என்கிறார்கள். இன்னும் மேலே போனால் தைலமரக் காடு. மரங்களைச் சுற்றி மழைநீர் வெளியே போகாதபடி மண்வரப்பு. இரண்டு ஊரும் சேர்ந்து குறை சொல்வது அந்த வரப்பைத்தான்.

மேலூருக்கு ஒரு கிராம சபை, கீழூருக்கு ஒன்று. நடுவில் உள்ள வரத்துக்காலுக்குக் கிராம சபை கிடையாது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம், காடு வனத்துறையிடம். தண்ணீர் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. மூன்று அலுவலகத்துக்கும் தனித்தனியே மனு எழுதி, மூன்றிலும் இது எங்கள் பொறுப்பு இல்லை என்ற பதில் வாங்கியிருக்கிறார்கள் இந்த ஊர்க்காரர்கள்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக 260 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய். வந்தால் இந்த வறட்சிக்கு விடிவு என்று நம்புகிறவர்கள் நிறைய. எனக்கும் வரவேண்டும் என்ற ஆசைதான். அந்தத் தண்ணீர் கடைசியில் இதே கண்மாய்களில்தான் வந்து நிற்கவேண்டும். எந்தக் கண்மாய்க்கு முதலில், கடைமடைக்கு எத்தனை ராத்திரி என்று அன்றைக்கும் யாரோ ஒருவர் முடிவு செய்வார்.

குடிநீருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று தாளில் உண்டு. 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதலில் கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும், கால்வாசிப் பேர் நலிந்த பிரிவினராகவும் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. குழாய்த் தண்ணீருக்கு எழுத முடிந்தது கண்மாய்த் தண்ணீருக்கு ஏன் எழுத முடியாது? நீர்பாய்ச்சிக்கும் வாரக்காரருக்கும் கடைமடைப் பெண்களுக்கும் பாசனச் சங்கத்தில் ஓட்டு வேண்டும். ஏலக் கணக்கை ஏலத்துக்கு முன்பே மந்தையில் வாசிக்க வேண்டும். ஒரே வரத்துக்காலில் இருக்கும் ஊர்களுக்கு ஒரே கூட்டம் வேண்டும், மழைக்கு முன்னால் ஆடியிலேயே.

திரும்பும் வழியில் தம்பிக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. முதல் ராத்திரித் தண்ணீர் கடைமடையில் பாதி தூரம் போயிருக்கிறது. ஓரிடத்தில் யாரோ வரப்பை வெட்டியிருக்கிறார்கள், காவலுக்குப் போன பெண்கள் அடைத்துவிட்டார்களாம். இன்றைக்கு ராத்திரி ஆள் கூடுதலாகப் போகிறார்கள். ஆடி மாதக் கூட்டத்துக்கு மேலூர்க்காரர்களையும் கூப்பிடவேண்டும் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார். அழைப்பை யார் பெயரில் எழுதுவது என்பதில் இப்போதே வாக்குவாதம்.